வில்லியம் மொம்பெசன்

வில்லியம் மொம்பெசன் (1639 - 1709) இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள ஈம் என்னும் சிற்றூரில் பணியாற்றிய ஆங்கிலிக்கத் திருச்சபைக் குரு ஆவார். கொள்ளைநோய் அயலூர்களுக்குப் பரவாதிருக்க ஊரைத் தனிமைப்படுத்தியமைக்காக இவர் அறியப்படுகிறார்.

கொள்ளைநோய்

1665 செப்டம்பரில், இலண்டனில் இருந்து தையற்காரர் ஒருவரின் வீட்டுக்கு வந்த துணிகளின் வழியாக நோய் ஊருக்குள் நுழைந்ததாகக் கருதப்படுகிறது. குளிர்காலத்தில் தணிந்த நோய் 1666 கோடையில் மீண்டும் கடுமையானது. மொம்பெசன் ஊருக்குப் புதியவர். மக்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்தவர் 1662 ஆம் ஆண்டு திருச்சபைச் சட்டத்தை ஏற்க மறுத்துப் பதவியிழந்த தாமஸ் ஸ்டான்லி. கொள்கை வேறுபாட்டை ஒதுக்கி இருவரும் இணைந்து, ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை என்று மக்களை இசையச் செய்தனர்.

வழிபாடு திறந்தவெளியில் நடந்தது. இறந்தோரை அவரவர் குடும்பத்தினரே புதைத்தனர். டெவன்ஷயர் பிரபு உணவு அனுப்பி உதவினார். எல்லையில் வைக்கப்பட்ட பிற பொருட்களுக்கு உரிய காசு வினாகிரியில் இடப்பட்டது.

இழப்பு

மொம்பெசன் தம் பிள்ளைகளை முன்னரே வெளியூருக்கு அனுப்பியிருந்தார். உடன் தங்கிய மனைவி கேத்தரின் 1666 ஆகஸ்டில் நோயால் இறந்தார். நவம்பரில் நோய் ஓய்ந்தபோது ஏறத்தாழ 260 பேர் இறந்திருந்தனர். சுற்றியிருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின.

பிற்காலம்

பின்னர் இவர் நாட்டிங்ஹாம்ஷயரின் ஈக்ரிங் ஊருக்கு மாற்றலானார். நோய்க்கு அஞ்சிய அவ்வூரார் இவரைத் தொடக்கத்தில் ஊருக்கு வெளியே தங்க வைத்தனர் என்று கூறப்படுகிறது. 1709 இல் அங்கேயே காலமானார்.