மாயூரம் முன்சீபு வேதநாயகம் பிள்ளையவர்கள்

தெய்வபக்தி உடையார் நம்முட் பலர். ஞாயிறுதோறும் கோவிலுக்குச் செல்வோரும், நாடோறும் வீட்டில் விளக்கேற்றித் தொழுவோரும் குறைவிலர். ஆயினும், அப்பக்தி கோவில் வாயிலைக் கடந்து கடைக்கும் கச்சேரிக்கும் நம்முடன் வருகின்றதா என்பதே வினா. இவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்றவர் நம் மரபிற் பிறந்த பெரியார் வேதநாயகம் பிள்ளையவர்கள். தமிழில் முதல் நாவல் எழுதியவர் என்று இவரை நம் சிறுவரும் அறிவர். தாம் நம்பிய கிறிஸ்தவ வேதத்தை அன்றாட அலுவலில் நடத்திக் காட்டியவர் என்பதை அறிந்தோர் சிலரே.

பிள்ளையவர்கள் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரில், கத்தோலிக்க மறையைத் தழுவிய வேளாளர் குடும்பத்தில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாக 1826-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 11-ஆம் நாள் தோன்றினார். தியாகராய பிள்ளை என்பாரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். திருச்சிராப்பள்ளி நியாயஸ்தலத்தில் பத்திரங்களைக் காக்கும் அலுவலில் அமர்ந்து, பின்னர் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். 1857-இல் முன்சீபு பதவி பெற்றுத் தரங்கம்பாடியிலும் சீகாழியிலும் மாயூரத்திலும் நீதி செலுத்தினார். இன்று மயிலாடுதுறை எனப்படும் அம்மாயூரத்தில் ஏறக்குறைய 13 ஆண்டு முன்சீபாக இருந்தமையின், அவ்வூர்ப் பெயரே அவர் பெயர்க்கு முன்னொட்டாயிற்று.

முன்சீபு பதவியின் இடுக்கண் யாதெனச் சிறிது எண்ணுமின். நிலம், கடன், பாகப் பிரிவினை முதலிய வழக்குகளே அவர்முன் வருவன. வழக்காடுவோர் அயலார் அல்லர். உறவினராகவும் ஒரே சமயத்தாராகவும் அறிமுகமானவராகவும் இருத்தல் கூடும். ஒருவர்க்குக் கண்ணோடினால் மற்றொருவர் குடி கெடும். தாம் பிறரை விசாரிக்குங்கால் தம்மை விசாரிப்பவர் ஒருவர் மேலே உளர் என்பது கிறிஸ்தவ வேதத்தின் கொள்கை. செபமாலை ஏந்தும் கையே தீர்ப்பெழுதும் கையுமாதலின், அக்கையை மாசின்றிக் காப்பதும் வழிபாடே என்று அவர் கொண்டனர் என அவர் வாழ்வு காட்டுகின்றது.

பதவி ஏற்ற இரண்டாம் ஆண்டில், அஃதாவது 1859-இல், நீதிநூலை வெளியிட்டார். கடவுளைப் பற்றிய உண்மைகளில் தொடங்கும் அந்நூல், பொய், களவு, மது, சூது என்பவற்றோடு கைக்கூலியையும் கண்டிக்கின்றது. நீதிமன்ற நாற்காலியில் அமர்ந்திருந்த ஒருவர் கைக்கூலியைக் கண்டித்துப் பாட்டெழுதி அச்சிடுதல் எளிதன்று. அவர் ஒருநாள் வழுவியிருப்பினும், அந்நூலே அவர்க்கெதிரான சாட்சியாய் நின்றிருக்கும். அதனை அறிந்தே எழுதினார் என்க.

அயலானை நேசித்தல் வேண்டுமென்னும் கட்டளையைப் பலர் பிச்சையிடுதலோடு முடித்துக்கொள்வர். பிள்ளையவர்கள் அதனைத் தம் தொழிலினுள்ளே கொணர்ந்தார். மேல் நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தமையால், அவற்றிற்குக் கட்டுப்பட்ட குடிகள் அவற்றை அறியாதிருந்தனர். 1805 முதல் 1861 வரை வெளிவந்த சதர் நியாயஸ்தலத் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862-இல் வெளியிட்டார். ஏழைக் குடியானவன் தன் வழக்கின் நெறியைத் தன் மொழியில் அறியச் செய்தலும் ஓர் அறமன்றோ? பெண்டிர்க்குக் கல்வி வேண்டுமென்று 1869-இல் பெண்மதிமாலை இயற்றியதும் இக்கருத்தினாலேயே.

இவர் தம் மறையில் உறுதியுடையவர். தேவமாதாவின்மீது அந்தாதி பாடியவர். அவ்வுறுதி பிற சமயத்தாரை வெறுக்கச் செய்யவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் இவர்மீது குளத்துக்கோவை பாடினார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரும், கோபாலகிருஷ்ண பாரதியாரும் இவர் நண்பர். எல்லாச் சமயத்தாரும் பாடத்தகும் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றியவரும் இவரே. தன் வீட்டு விளக்கை நன்கு ஏற்றியவன் அயல் வீட்டு விளக்கை அணைக்க முயலான்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வருத்திய தாது வருடப் பஞ்சம் இவருடைய நம்பிக்கைக்கு உரைகல்லாயிற்று. அப்போது இவர் வேலையினின்றும் விலகியிருந்தார். பசித்தவனுக்கு இட்டது தனக்கே இட்டதாகும் என்று கிறிஸ்து போதித்ததை அவர் வேதபாடமாக வைத்துக்கொண்டிராமல், தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்ப்பித்தார். பிறரையும் உதவுமாறு வேண்டினார். உண்டோரிடத்துக் குலமோ சமயமோ வினவியதில்லை. அவ்வீகையைக் கண்டு நெகிழ்ந்து கீர்த்தனம் பாடியவர் சிவபக்தராகிய கோபாலகிருஷ்ண பாரதியாரே.

1879-இல் பிரதாப முதலியார் சரித்திரமும், 1887-இல் சுகுணசுந்தரியும் வெளிவந்தன. நகைச்சுவை ததும்பும் அக்கதைகளிலும் அறமே ஊடுருவி நிற்கும். 1889-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21-ஆம் நாள் இப்பெரியார் இறைவனடி சேர்ந்தார்.

அன்பர்களே! இவர் நம்மவர் என்று மார்தட்டுதல் எளிது. ஆனால், நம்மவர் என்பதற்காக எவர்க்கும் ஒருதலைச் சார்பாகத் தீர்ப்பளித்தல் ஆகாது என்பதன்றோ அவர் இருந்த இருக்கையின் அறம்! நிறைகோலைப் பிடிக்கும் வணிகரும், கோப்பிற் கையெழுத்திடும் அலுவலரும், பிள்ளைகளுக்கு மதிப்பெண் இடும் ஆசிரியரும் அவரவர் இருக்கையில் சிறு முன்சீபுகளே. நாம் எம்மறையினராயினும், அவ்விருக்கையில் அமருங்கால் நம் கடவுளை வெளியே நிறுத்திவிடாதிருத்தலே அவர்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.