கொசுவைத் துரத்திய டாக்டர்

சென்னை மெரினா கடற்கரையை ஒட்டி நொச்சிக்குப்பம் என்றொரு மீனவர் பகுதி இருக்கிறது. அதன் பெயரில் உள்ள நொச்சி, கொசுவுக்குப் பிடிக்காத செடி. நொச்சி இலையில் புகை போட்டுக் கொசுவை விரட்டுவது நம் ஊர் வழக்கம்.

கொசு கடித்தால் அரிப்பு மட்டுமல்ல, மலேரியா காய்ச்சலும் வரும் என்று இன்று உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு காலத்தில் டாக்டர்களே இதை அறியவில்லை. கெட்ட காற்றால்தான் மலேரியா வருகிறது என்று நம்பினார்கள். உண்மையைக் கண்டுபிடித்தவர் ரொனால்டு ராஸ்.

இவர் 1857ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி, இமயமலை அடிவாரப் பகுதியான அல்மோராவில் பிறந்தார். எட்டு வயதில் படிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அவருக்குக் கவிதையிலும் ஓவியத்திலும்தான் ஆசை. ராணுவ அதிகாரியான அப்பாவோ மகன் டாக்டராக வேண்டும் என்றார். ராஸ் லண்டனில் மருத்துவம் படித்தார். 1881ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

1883ல் பெங்களூரில் வேலை பார்த்தபோது, அவர் தங்கிய வீட்டில் ஒரே கொசுத்தொல்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழுக்கள் நெளிவதைப் பார்த்தார். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தார். கொசு குறைந்துவிட்டது!

மலேரியா நோயாளியின் ரத்தத்தில் நுண்ணுயிர் இருப்பதை 1880லேயே லாவரான் என்ற பிரெஞ்சு டாக்டர் கண்டிருந்தார். அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது? கொசுவுக்கு இதில் பங்கு இருக்கலாம் என்று 1894ல் பேட்ரிக் மேன்சன் ராஸிடம் கூறினார்.

1895ல் செகந்திராபாத்தில் ஆராய்ச்சி தொடங்கியது. ராஸுக்கு மனித உடலைப் பற்றித் தெரியும். பூச்சிகளைப் பற்றி அவர் படித்ததில்லை. எந்தக் கொசுவைத் தேடுவது என்றே புரியவில்லை. உசேன் கான் என்ற நோயாளியைக் கடிக்கவிட்ட ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா கொடுத்தார். கொசுக்கள் பறந்துவிடும் என்று, கொளுத்தும் வெயிலிலும் விசிறியை நிறுத்திவிட்டார். வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்தன. இரண்டு ஆண்டுகள் வீணாயின. அவர் அறுத்துப் பார்த்தவை வேறு இனக் கொசுக்கள்!

1897 ஆகஸ்ட் 20 அன்று, இறக்கையில் புள்ளிகள் உள்ள ஒரு கொசுவை அறுத்தார். அதன் வயிற்றுச் சுவரில் மலேரியா கிருமிகள் வளர்வதைக் கண்டார். அதுதான் அனாபிலிஸ் கொசு. மறு ஆண்டு கொல்கத்தாவில் பறவைகளை ஆராய்ந்தார். கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சென்று, கடிக்கும்போது உடலுக்குள் நுழைவதை நிரூபித்தார். மனிதருக்கும் இப்படியே பரவுகிறது என்பதை இத்தாலிய அறிஞர்கள் உறுதி செய்தனர்.

1902ல் ராஸுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1932 செப்டம்பர் 16 அன்று அவர் காலமானார். ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாளாக நினைவுகூரப்படுகிறது.

குழந்தைகளே! நோயை ஒழிக்க மருந்தைப் பற்றி மட்டும் தெரிந்தால் போதாது; பூச்சியின் வாழ்க்கையும் தெரிய வேண்டும். நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் கொசு, மூடாத தொட்டியிலும் கிணற்றிலும் உள்ள நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். உங்கள் வீட்டுத் தொட்டிக்கு மூடி இருக்கிறதா? இன்றே பாருங்கள்.