இரண்டாவது தடவை கேட்கப்படாத கேள்வி

1977 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை. ஸ்பெயினின் கனேரி தீவுகளில் ஒன்றான டெனெரிஃபேயில் இரண்டு ஜம்போ ஜெட் விமானங்கள் ரன்வேயிலேயே மோதிக்கொண்ட செய்தி நெதர்லாந்துக்கு வந்து சேர்ந்தது. அதில் ஒன்று அந்த நாட்டின் கே.எல்.எம். நிறுவனத்தின் விமானம். விசாரணைக்கு உதவ யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்த கே.எல்.எம். அதிகாரிகளுக்கு உடனே தோன்றிய பெயர் யாகோப் வெல்ட்ஹௌசன் வான் சான்டன். கம்பெனியிலேயே 747 விமானத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர், மற்ற பைலட்டுகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவரைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, மோதிய கே.எல்.எம். விமானத்தின் கேப்டனே அவர்தான் என்று.

அந்த விபத்தில் 583 பேர் இறந்தார்கள். விமான விபத்துகளில் இன்று வரைக்கும் அதிக உயிர்கள் போனது அதில்தான். இத்தனைக்கும் எஞ்சின் கெட்டுப்போகவில்லை, இறக்கை உடையவில்லை. இரண்டு விமானமும் நல்ல நிலையில்தான் இருந்தன. அப்போ எது தவறியது? அதைப் புரிஞ்சுக்கணும்னா இந்த மனிதரைப் பற்றித் தெரிஞ்சுக்கணும்.

வாத்தியார் கேப்டன்

வான் சான்டன் பிறந்தது 1927 பிப்ரவரி 5, நெதர்லாந்தின் லிஸ்ஸே என்ற ஊரில். டூலிப் பூந்தோட்டங்களுக்குப் பேர்போன ஊர் அது. இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, பிறகு கே.எல்.எம்.மில் படிப்படியாக மேலே வந்தார். 1971-ல் அந்த நிறுவனத்துக்கு 747 வந்தபோது, அதை ஓட்டத் தகுதி பெற்ற ஆரம்பகால கேப்டன்களில் இவரும் ஒருவர். பிறகு 747 பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு இவர் கைக்கு வந்தது. மொத்தம் சுமார் 11,700 மணி நேரம் பறந்திருக்கிறார். கே.எல்.எம். தன் விளம்பரத்திலேயே இவர் படத்தைப் போட்டது. நேரம் தவறாமையைப் பெருமையாகச் சொல்லும் விளம்பரம் அது. பத்திரிகையைப் புரட்டினால் காக்பிட்டில் உட்கார்ந்து சிரிக்கும் அவர் முகம் தெரியும்.

டெனெரிஃபேயில் இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோ-பைலட் கிளாஸ் மியூர்ஸ். அவரும் அனுபவசாலிதான், ஆனால் 747-ல் 95 மணி நேரம் மட்டுமே ஓட்டியவர். 747 ஓட்ட அவர் தகுதியானவரா என்று சோதித்து பாஸ் போட்டதே வான் சான்டன்தான், அதுவும் சுமார் இரண்டு மாதம் முன்னால். நம்ம கணக்குல சொன்னா, வைவாவில் நமக்கு மார்க் போட்ட எக்ஸ்டர்னலோடு உட்கார்ந்து அடுத்த மாசமே வேலை பார்க்கிற மாதிரி.

பயிற்சி கொடுப்பவர் என்பதால் வான் சான்டனின் நேரம் பெரும்பாலும் சிமுலேட்டரில் போனது. சிமுலேட்டரில் கன்ட்ரோல் டவர் கிடையாது. பயிற்சியாளரேதான் கன்ட்ரோலர் வேலையும் பார்ப்பார். புறப்பட அனுமதி கொடுப்பதும் அவர்தான், அதனால் அங்கே அனுமதிக்காகக் காத்திருப்பது என்ற விஷயமே கிட்டத்தட்ட இல்லை. இந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரித்தவர்கள் பிற்பாடு குறிப்பிட்டார்கள்.

போகவே வேண்டியிராத ஊர்

அன்றைக்கு அவர் போக வேண்டிய இடம் டெனெரிஃபேயே இல்லை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து கிரான் கனேரியா தீவின் லாஸ் பால்மாஸுக்குத்தான் கிளம்பினார். மதியம் லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தில் ஒரு குண்டு வெடித்தது, இன்னொரு குண்டு இருப்பதாக மிரட்டலும் வந்தது. நிலையத்தை மூடி, வரும் விமானங்களையெல்லாம் பக்கத்துத் தீவான டெனெரிஃபேயின் லாஸ் ரோடியோஸுக்குத் திருப்பிவிட்டார்கள்.

லாஸ் ரோடியோஸ் சின்ன நிலையம். ஒரே ரன்வே, அதற்கு இணையாக ஒரு டேக்ஸிவே. டவரில் அன்று இரண்டு கன்ட்ரோலர்கள். தரையில் ஓடும் விமானத்தைக் காட்டும் ரேடார் கிடையாது. கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேலே இருப்பதால் மேகமே தவழ்ந்து வந்து ரன்வேயை மூடிவிடும். திருப்பிவிடப்பட்ட பெரிய விமானங்கள் டேக்ஸிவேயை அடைத்துக்கொண்டு நின்றன. அதனால் கிளம்புகிற விமானம் ரன்வேயிலேயே எதிர்த்திசையில் கடைசி வரைக்கும் ஊர்ந்து போய், அங்கே வட்டமடித்துத் திரும்பித்தான் மேலே ஏற முடியும்.

வான் சான்டனுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. விமானக் குழுவினர் ஒரு நாளில் எவ்வளவு நேரம் வேலை பார்க்கலாம் என்ற விதியை நெதர்லாந்து அப்போதுதான் கடுமையாக்கியிருந்தது. முன்பு கேப்டன் தன் பொறுப்பில் கொஞ்சம் நீட்டிக்கலாம். இப்போது மீறினால் சட்டப்படி நடவடிக்கை. நேரம் தாண்டிவிட்டால் பயணிகளோடு தீவிலேயே ராத்தங்க வேண்டியதுதான். லாஸ் பால்மாஸில் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று இங்கேயே 55,000 லிட்டர் எரிபொருள் நிரப்பினார். பின்னால் நின்ற அமெரிக்க பான் ஆம் 747 கிளம்பத் தயார், ஆனால் கே.எல்.எம்.மைத் தாண்டிப் போக இடமில்லை. அதுவும் காத்திருந்தது. அதற்குள் மேகம் இறங்கிவிட்டது.

மூன்று நிமிடங்கள்

மாலை ஐந்து மணி தாண்டியதும் கே.எல்.எம். ரன்வேயின் கடைசி வரை போய் வட்டமடித்துத் திரும்பி நின்றது. பான் ஆம் அதன் பின்னாலேயே அதே ரன்வேயில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. மூன்றாவது வழியில் வெளியேறச் சொல்லியிருந்தார்கள். மேகமூட்டத்தில் அது அந்த வழியைத் தாண்டி நான்காவதை நோக்கிப் போனது. இரண்டு விமானமும் ஒன்றையொன்று பார்க்க முடியாது. டவருக்கு இரண்டுமே தெரியாது. மூன்று பேரையும் இணைத்தது ஒரே ஒரு ரேடியோ அலைவரிசை.

திரும்பி நின்றதும் வான் சான்டன் த்ராட்டிலை முன்னே தள்ள ஆரம்பித்தார். மியூர்ஸ் தடுத்தார், இன்னும் டவரிடமிருந்து அனுமதி வரவில்லை என்றார். தனக்குத் தெரியும், போய்க் கேள் என்றார் கேப்டன். இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. தன்னை சோதித்த வாத்தியாரை அந்தக் கோ-பைலட் ஒரு தடவை திருத்தியிருக்கிறார்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். விமானத்துக்கு இரண்டு அனுமதி வேண்டும். ஒன்று, மேலே ஏறின பிறகு எந்த வழியில் போக வேண்டும் என்ற பாதை அனுமதி. இன்னொன்று, இப்போது ஓடி மேலே ஏறலாம் என்ற டேக்-ஆஃப் அனுமதி. மியூர்ஸ் ஒரே பேச்சில் டேக்-ஆஃபுக்குத் தயார் என்றும், பாதை அனுமதிக்குக் காத்திருப்பதாகவும் சொன்னார். டவர் பாதை அனுமதியை மட்டும் கொடுத்தது. ஆனால் அந்த வாக்கியத்துக்குள், டேக்-ஆஃபுக்குப் பிறகு எந்தப் பக்கம் திரும்புவது என்று சொல்லும்போது, டேக்-ஆஃப் என்ற சொல் இருந்தது.

மியூர்ஸ் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வான் சான்டன் போகலாம் என்று சொல்லி பிரேக்கை விட்டுவிட்டார். மியூர்ஸ் இந்த முறை அவரைத் தடுக்கவில்லை. டவரிடம் அவசரமாக, தாங்கள் டேக்-ஆஃபில் இருப்பதாக ஆங்கிலத்தில் முடித்தார். டச்சு மொழியில் ஒரு வேலை நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும் முறை கிட்டத்தட்ட இதே அமைப்பில் வரும், அதனால் அவர் கிளம்பிவிட்டோம் என்பதைத்தான் சொல்ல நினைத்திருக்கலாம் என்பது மொழியியலாளர்கள் தரும் ஒரு விளக்கம். ஸ்பானிய கன்ட்ரோலர் அதை, புறப்படும் இடத்தில் நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். நாமளும்தான் வீட்டை விட்டுக் கிளம்பும்போது வரேன்னு சொல்றோம். தமிழ் தெரியாதவர்கிட்ட அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னா அவர் என்ன நினைப்பார்?

கன்ட்ரோலர் முதலில் ஓகே என்றார். ஒரு சின்ன இடைவெளி விட்டு, டேக்-ஆஃபுக்குக் காத்திருங்கள், கூப்பிடுகிறேன் என்றார். அதே நொடியில் பான் ஆம் பதறிப்போய், தாங்கள் இன்னும் ரன்வேயில்தான் இருக்கிறோம் என்று அறிவித்தது. இரண்டில் ஒன்று முழுசாகக் கேட்டிருந்தால் போதும், 583 பேர் பிழைத்திருக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றாக வந்தன.

ஈ.சி.இ. நண்பர்களுக்கு இது புரியும். விமான ரேடியோ ஏ.எம். முறையில் இயங்குகிறது. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், இரண்டு கேரியர் அலைகளுக்கும் இடையிலுள்ள சிறு வித்தியாசம் காதுக்கு ஒரு கீச்சொலியாகக் கேட்கும். கே.எல்.எம். காக்பிட்டில் ஓகே மட்டும் தெளிவாக விழுந்தது. மீதியின் மேல் சில நொடிக் கீச்சொலி.

இதற்குப் பிறகும் ஒரு வாய்ப்பு வந்தது. ரன்வேயை விட்டு வெளியேறியதும் சொல்லுங்கள் என்று டவர் பான் ஆமிடம் கேட்டது, சொல்கிறோம் என்று பான் ஆம் பதில் தந்தது. இது கே.எல்.எம். காக்பிட்டில் கேட்டது. பின் சீட்டில் இருந்த ஃப்ளைட் எஞ்சினியர் வில்லெம் ஸ்க்ரூடர், அப்படியென்றால் அந்த விமானம் இன்னும் வெளியேறவில்லையா என்று கேட்டார். வெளியேறிவிட்டது என்று வான் சான்டன் அழுத்தமாகச் சொன்னார். ஸ்க்ரூடர் மறுபடி கேட்கவில்லை.

சில நொடிகளில் மேகத்துக்குள்ளிருந்து பான் ஆம் தெரிந்தது. வான் சான்டன் தன் திறமையெல்லாம் சேர்த்து மூக்கை மேலே தூக்கினார், வால் ரன்வேயில் உரசித் தீப்பொறி பறந்தது. நிரப்பிய எரிபொருளின் எடை வேறு. முன்பகுதி தாண்டியது, சக்கரங்களும் எஞ்சின்களும் பான் ஆமின் மேல்தளத்தைக் கிழித்தன. கே.எல்.எம்.மில் இருந்த 248 பேரும் இறந்தார்கள். பான் ஆமில் 335 பேர் இறக்க, 61 பேர் பிழைத்தார்கள். வான் சான்டனுக்கு அப்போது வயது 50.

அவருக்குப் பிறகு

ஸ்பானிய விசாரணை, அனுமதி இல்லாமல் கிளம்பியதையே அடிப்படைக் காரணம் என்றது. டச்சுத் தரப்பு, இரண்டு பக்கமும் தவறாகப் புரிந்துகொண்டதைச் சுட்டிக்காட்டியது. கடைசியில் கே.எல்.எம். பொறுப்பேற்று இழப்பீடு கொடுத்தது. எனக்கு இரண்டுமே சரியாகத்தான் படுகிறது. தப்பு பண்ணியது அவர்தான். ஆனா அவர் அலட்சியமான ஆளா இருந்திருந்தா நமக்குப் பாடம் எதுவும் இல்லை. இருந்ததிலேயே நல்ல பைலட் பண்ணிய தப்பு அது, அதனாலதான் உலகமே விதியை மாற்றியது.

இன்று டேக்-ஆஃப் என்ற சொல், உண்மையான டேக்-ஆஃப் அனுமதியைக் கொடுக்கவோ ரத்து செய்யவோ மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் டிபார்ச்சர். ரன்வே சம்பந்தப்பட்ட உத்தரவுக்கு வெறும் ஓகே போதாது, வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொல்லணும். காக்பிட்டுக்குள்ளும் மாற்றம் வந்தது. 1979-ல் நாசா நடத்திய பட்டறையிலிருந்து, கேப்டனைக் கீழே இருப்பவர்கள் தயங்காமல் கேள்வி கேட்கவும், கேப்டன் அதைக் காதில் வாங்கவும் பழக்கும் பயிற்சி முறை வளர்ந்தது. 1981-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ் அதை ஆரம்பித்தது, இப்போது உலகம் முழுக்க இருக்கிறது.

பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. 2024 ஜனவரி 2-ல் டோக்கியோவின் ஹனேடாவில், வரிசையில் முதலாவது என்று டவர் சொன்னதை ரன்வேக்குள் நுழைய அனுமதி என்று கடலோரக் காவல் விமானம் எடுத்துக்கொண்டது. தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் அதன் மேல் மோதியது. பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பினார்கள், சிறிய விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள்.

கடைசியா என் கதை. இரண்டாம் வருஷம் மெஷின்ஸ் லேப், டி.சி. ஷன்ட் மோட்டார். ஸ்டார்ட் பண்ணும்போது ஃபீல்ட் ரியோஸ்டாட் மினிமத்தில் இருக்கணும். இருக்கிற மாதிரி எனக்குத் தெரியல. எங்க பேட்ச்சில் டாப்பர்தான் கனெக்ஷன் கொடுத்தான். மினிமத்துல இருக்காடான்னு கேட்டேன். இருக்குடான்னு திரும்பிக்கூட பார்க்காம சொன்னான். டாப்பராச்சேன்னு விட்டுட்டேன். மோட்டார் வேகம் எகிறி, சத்தம் கேட்டு லேப் அண்ணா ஓடி வந்து சப்ளையை ஆஃப் பண்ணார். யாருக்கும் ஒண்ணும் ஆகல, திட்டு மட்டும் விழுந்தது.

அப்போ அதைப் பெருசா எடுத்துக்கல. ஸ்க்ரூடர் கேட்ட கேள்வியைப் படிச்ச அன்னைக்குத்தான் உறைச்சது. நானும் ஒரு தடவை கேட்டேன், ஒரு ஆமாம் கிடைச்சதும் நிறுத்திட்டேன். ரியோஸ்டாட் என் கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்தது, எட்டிப் பார்த்திருக்கலாம்.

இன்னும் சில மாசத்துல நாம எல்லாரும் ஏதோ ஒரு சைட்டிலோ ப்ளான்ட்டிலோ ஆபீஸிலோ ஜூனியரா நிக்கப்போறோம். நம்ம முன்னாடி இருபது வருஷ அனுபவத்தோட ஒருத்தர் இருப்பார், பெரும்பாலும் அவர் சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா மனசுல சந்தேகம் மிச்சம் இருந்தா, ரெண்டாவது தடவையும் கேளுங்க. பத்து வருஷம் கழிச்சு அந்த இடத்துல நீங்க நிக்கும்போது ஒரு ஜூனியர் கேட்டா, பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை திரும்பிப் பாருங்க.