சக்கர நாற்காலியில் அமர்ந்து சாதித்தவர்: டாக்டர் மேரி வர்கீஸ்

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் மரத்திலிருந்து விழுந்தோ சாலை விபத்திலோ தண்டுவடக் காயமுற்று, இனி என்ன செய்வது என்று கலங்கும் உங்களுக்கும் உங்களைப் பராமரிப்போருக்கும் இவ்வாழ்வு வழிகாட்டும்.

1925-இல் கொச்சியில் பிறந்த மேரி வர்கீஸ், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் அவருடைய தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இரு கால்களும் செயலிழந்தன. அவை மீண்டும் இயங்கவே இல்லை.

ஆனால் கைகள் நலமாக இருந்தன. தொழுநோயால் மடங்கிய விரல்களைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சையை அமர்ந்தபடியே செய்யலாம் என்று அறுவை சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட் அவரை ஊக்குவித்தார். மேரி அதனைக் கற்று, சக்கர நாற்காலியிலிருந்தே நோயாளிகளின் கைகளைச் சீர்செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். வேலூர் திரும்பி அத்துறைக்குத் தலைமையேற்றார். 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1986-இல் காலமானார்.

இழந்த உறுப்பையே எண்ணியிராமல், எஞ்சிய திறனுக்கு ஏற்ற பணியைத் தேர்ந்ததே அவரை மீட்டது. ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்முறைச் சிகிச்சையின் அடிப்படையும் இதுவே. உண்ணுதல், உடுத்துதல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகியவற்றில் தொடங்கி, தையல், கணக்கெழுதுதல், கடை நடத்துதல் என உங்களுக்குப் பொருளுள்ள வேலை வரை இது படிப்படியாகப் பயிற்றுவிக்கிறது. தானே முடித்த ஒவ்வொரு வேலையும் மனத்துக்கு உறுதி தரும்.

பராமரிப்போரே, அன்பின் மிகுதியால் எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடாதீர்கள். சட்டைப் பொத்தானை அவரே போட நேரம் கொடுங்கள். உணர்வற்ற பகுதிகளில் படுக்கைப் புண் வராதிருக்க, படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். தோல் சிவந்துள்ளதா என நாள்தோறும் பாருங்கள்.

உறக்கமின்மை, விபத்து நினைவால் எழும் அச்சம், வாழ விருப்பமின்மை ஆகியவை தோன்றினால் மறைக்காதீர்கள், அவையும் சிகிச்சைக்குரியவையே. டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். மறுவாழ்வுப் பயிற்சி குறித்து அரசு மருத்துவமனை மருத்துவரிடம் கேளுங்கள். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கத்தையும் அணுகலாம். காயம் ஆறும்வரை காத்திராமல், மருத்துவர் அனுமதித்த நாளிலேயே பயிற்சியைத் தொடங்குங்கள்.