உடலாற்றலைத் தேடிய அறிஞர்

செம்பனைக் குலையை அறுக்க ஓங்கும் கைக்கும் திடலில் பந்தைத் துரத்தும் காலுக்கும் ஆற்றல் எவ்வாறு கிடைக்கிறது? இவ்வினாவுக்கு விடை தேடிய பேரறிஞர் எல்லாப்பிரகட சுப்பாராவின் வாழ்வை நாம் இங்கே காண்போம்.

அவர் 1895ஆம் ஆண்டு ஆந்திரத்திலுள்ள பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்றார். மூன்றாம் முறை சென்னையில் பயின்று தேறினார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 'ஸ்புரு' என்னும் குடல்நோய் அவருடைய உடன்பிறந்தார் இருவரைப் பலிகொண்டது. அத்துயரம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்ற அவர், வயிற்றுப் பாட்டிற்காக மருத்துவமனையில் நோயாளரின் கழிகலங்களைத் துப்புரவு செய்தார். எத்தொழிலையும் அவர் இழிவாக எண்ணவில்லை. பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பிஸ்கே என்பாருடன் ஆராய்ந்து, 1929இல் தசையில் ஏ.டி.பி. என்னும் பொருளைக் கண்டறிந்தார். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே காலத்தில் அதனைக் கண்டறிந்தார். உணவு தரும் ஆற்றலை உயிரணுக்கள் இப்பொருளின் வழியாகவே செலவிடுகின்றன. கடலில் மிதக்கும் நுண்பாசி முதல் காட்டு யானை வரை எல்லா உயிர்க்கும் இது பொதுவாகும்.

1940இல் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். 1945இல் அவருடைய குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினர். உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்புரு நோய்க்கு அதுவே மருந்தாயிற்று! கருவுற்ற தாய்மாருக்கு இன்று கிளினிக்கில் வழங்கப்படும் மாத்திரையும் அதுவே. யானைக்கால் நோய்க்கான மருந்தும் அவர் குழுவினர் தந்த கொடையாகும்.

1948ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், தம் ஐம்பத்து மூன்றாம் வயதில் அவர் மறைந்தார். நோபல் பரிசு அவரை நாடி வரவில்லை; எனினும் அவர் தந்த மருந்துகள் நம் இல்லங்களை நாடி வந்தன.

மாணவச் செல்வங்களே! தேர்வில் ஒருமுறை தோற்றால் மனம் தளராதீர். இருமுறை தோற்றவரே உலகோரின் உயிர் காத்தார் என்பதை நாம் மறவாதிருப்போம்.