ஐந்து பவுண் இல்லாத மேதை

டயகமவில் மழை மூட்டம் விலகிய இரவுகளில், ஹோர்ட்டன் சமவெளிப் பக்கமாக ஓர் ஒளிப் புள்ளி வானத்தில் நகர்ந்து செல்வதைக் காணலாம். சற்றுப் பிந்தியே அதன் இரைச்சல் வந்து சேரும். லயத்து வாசலில் நிற்கும் தாய்க்கு வெளிநாட்டில் வேலை செய்யும் மகளின் நினைவு வரும். பிள்ளைகளோ அது மறையும்வரை கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்த ஆகாய விமானத்தைச் செலுத்தும் ஜெட் இயந்திரத்தைத் தாமாகவே எண்ணிப் பார்த்து உரிமை பதிந்த முன்னோடி ஒருவர் ஒரு பிரபுவின் மகன் அல்லர். பேராசிரியரின் மகனும் அல்லர். பஞ்சாலைக்குப் பிள்ளைப் பருவத்திலேயே வேலைக்கு அனுப்பப்பட்ட ஒரு தொழிலாளியின் மகன். சேர் பிராங்க் விட்டில் என்னும் அந்த மனிதரின் வாழ்வு நம் தோட்டக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

விட்டில் 1907ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் திகதி இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் பிறந்தார். தந்தை மோசஸ் அதிகம் படிக்காதவர். ஆனால் கைத்திறன் மிக்கவர். பிராங்குக்கு 9 வயதானபோது தந்தை லெமிங்டன் என்ற ஊரில் சிறிய பட்டறை ஒன்றை வாங்கினார். சில கடைசல் இயந்திரங்களும் ஒரு காஸ் எஞ்சினுமே அதன் சொத்து. அங்கே தந்தைக்குக் கைகொடுத்தபடியே மகன் இரும்பின் குணத்தைக் கற்றுக்கொண்டான். பட்டறை நொடித்தது. குடும்பம் இருந்த வீட்டையும் இழந்தது. ஆயினும் புலமைப்பரிசில் அவனை உயர்தரப் பாடசாலைக்கு அனுப்பியது. ஊர்ப் பொது நூலகம் அவனுக்கு இரண்டாம் பாடசாலை ஆயிற்று. பாடப் புத்தகத்தைவிட, விமானம் பறப்பதைப் பற்றியும் சுழலிகளைப் பற்றியும் எழுதப்பட்ட நூல்களையே அவன் தேடித் தேடிப் படித்தான்.

15 வயதில் விமானப் படையில் தொழில் பயிலுநராகச் சேர விண்ணப்பித்தான். எழுத்துப் பரீட்சையில் தேறினான். ஆனால் வைத்தியப் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள். உயரம் 5 அடிதான்; மார்பும் சிறியது. வறுமையில் வளர்ந்த பிள்ளையின் உடம்பு அது. அங்கே இருந்த உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் இரக்கப்பட்டு, என்ன உண்ண வேண்டும், எப்படிப் பயிற்சி செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் சிறுவன் 3 அங்குலம் வளர்ந்துவிட்டான். மறுபடியும் போனான், ஒருமுறை மறுக்கப்பட்டவருக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை, முன்பு விண்ணப்பித்ததைப் பற்றி மூச்சே விடாமல், புதியவன் போல எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து எழுதினான். 1923 செப்டெம்பரில் கிரான்வெல் பயிற்சி நிலையத்தின் கதவு திறந்தது.

மூன்றாண்டுப் பயிற்சியின் முடிவில், பயிலுநரில் மிகச் சிலருக்கே கிடைக்கும் அதிகாரிப் பயிற்சி இடம் விட்டிலுக்குக் கிடைத்தது. அங்கே அவர் சிறந்த விமானியானார். துணிச்சல் மிகுந்து தாழப் பறந்து கண்டிக்கப்பட்டதும் உண்டு. 1928இல், 21 வயதில், பயிற்சி முடிவதற்காக ஒரு கட்டுரை எழுதினார். வருங்கால விமானங்கள் காற்று மெலிந்த உயரத்தில், மணிக்கு 500 மைல் வேகத்தில் பறக்க முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அக்காலப் போர் விமானங்கள் 200 மைல் வேகத்தையும் எட்டாதவை. காற்றாடி சுழற்றும் பழைய எஞ்சின் உயரே போகப் போக வலுவிழக்கும், காற்றாடியும் பயன்படாது. அப்படியானால் எதைக் கொண்டு பறப்பது?

அதற்கு விடை அடுத்த ஆண்டில் அவருக்குத் தோன்றியது. காற்று நிரப்பிய பலூனின் வாயைக் கைவிட்டால், காற்று பின்னால் பீறிட, பலூன் முன்னால் பாய்கிறதல்லவா? அடிப்படை அதுவே. முன்புறத்தில் ஒரு விசிறி காற்றை உள்ளே இழுத்து நெருக்குகிறது. நெருக்கிய காற்றில் எண்ணெய் தெளிக்கப்பட்டு எரிகிறது. நாம் ஊதாங்குழலால் ஊதும்போது அடுப்பு சீறி எரிவதை நினைத்துக்கொள்ளுங்கள். சூடேறி விரிந்த வாயு பின்னால் பாய்கிறது. பாயும் வழியில் ஒரு சுழலியைச் சுற்றுகிறது. அந்தச் சுழலி அதே அச்சில் இருக்கும் முன் விசிறியைச் சுழற்றுகிறது. எஞ்சிய வேகம் விமானத்தை முன்னே தள்ளுகிறது. மேலும் கீழும் ஓடும் பிஸ்டன்கள் இல்லை, காற்றாடி இல்லை.

விமான அமைச்சின் நிபுணர்கள் இது நடைமுறைக்கு ஒவ்வாது என்றார்கள். அத்தனை வெப்பத்தைத் தாங்கும் உலோகம் இல்லை என்பது அவர்களின் வாதம். அன்றைய நிலையில் அதில் நியாயமும் இருந்தது. ஆனால் நாளை அத்தகைய உலோகம் வரலாம் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. சட்டம் அறிந்த சக விமானி ஒருவரின் உதவியோடு, 1930 ஜனவரி 16இல் விட்டில் தம் பெயரில் கண்டுபிடிப்பு உரிமையைப் பதிவு செய்தார். அரசு அதை இரகசியமாகக்கூடக் காக்கவில்லை; எல்லா நாட்டாரும் வாசிக்க அச்சில் வந்தது.

விமானிகளுக்குப் பயிற்சியளித்தல், கடல் விமானங்களைச் சோதித்தல் எனச் சில ஆண்டுகள் ஓடின. விமானப் படை அவரைப் பொறியியல் கற்க அனுப்பியது. முடிவில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைத்தது. அங்கே படித்துக்கொண்டிருந்தபோதுதான், 1935 ஜனவரியில், அந்த உரிமையைப் புதுப்பிக்க வேண்டிய தவணை வந்தது. கட்டணம் 5 பவுண். விட்டிலுக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள்; சம்பளம் வீட்டுச் செலவுக்கே போதவில்லை. அரசும் அந்தப் பணத்தைக் கொடுக்க மறுத்தது. உலகத்தின் தூரத்தையே சுருக்கப்போகும் ஒரு கண்டுபிடிப்பின் உரிமை, 5 பவுணுக்காகக் காலாவதியாயிற்று.

விளக்கு அணைந்துவிட்டது என்றே அவரும் நினைத்தார். ஆனால் சில மாதங்களில் கிரான்வெல்லின் பழைய தோழர் ஒருவரின் கடிதம் வந்தது. அவரும் இன்னொரு முன்னாள் விமானியும் பணம் திரட்ட முன்வந்தார்கள். 1936 மார்ச்சில் பவர் ஜெட்ஸ் என்ற சிறு கம்பனி பிறந்தது. ஆரம்ப முதல் 2,000 பவுண். இன்னும் விமானப் படை அதிகாரியாகவே இருந்த விட்டில், வாரத்துக்கு 6 மணி நேரம் மட்டுமே இதில் செலவிடலாம் என்பது மேலிடத்தின் நிபந்தனை. அவ்வாண்டே கேம்பிரிட்ஜில் முதல் வகுப்பில் தேறினார்.

1937 ஏப்ரல் 12. றக்பி நகரின் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் முதன்முதலாக இயங்கியது. எண்ணெய் தேங்கியிருந்ததால் அது கட்டுக்கடங்காமல் வேகமெடுத்து ஊளையிட்டது. சூழ நின்றவர்கள் ஓடிவிட்டார்கள். விட்டில் மட்டும் அசையாமல் நின்றார். அது வீரமல்ல, பயத்தில் கால் நகரவில்லை என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

யுத்தம் நெருங்கிய பிறகே அரசு கண் விழித்தது. அதற்குள் ஜேர்மனியில் ஹான்ஸ் வொன் ஓஹைன் என்ற இளைஞர், நல்ல பண வசதியோடு உழைத்து, 1939 ஆகஸ்ட் 27இல் உலகின் முதல் ஜெட் விமானத்தைப் பறக்கச் செய்துவிட்டார். விட்டிலின் இயந்திரம் பூட்டிய விமானம் 1941 மே 15ஆம் திகதி மாலை, அவர் பயிலுநராக நுழைந்த அதே கிரான்வெல்லிலிருந்து எழுந்து 17 நிமிடம் பறந்தது.

இந்த வெற்றிக்கு அவர் கொடுத்த விலை பெரிது. தூக்கம் கெட்டது, ஓயாது புகைத்தார், விழித்திருக்க ஊக்க மாத்திரை, உறங்க வேறு மாத்திரை என்று உடம்பை வதைத்தார். நரம்பு தளர்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். 1944இல் அரசு அவருடைய கம்பனியைச் சுவீகரித்தது. தாம் கட்டியெழுப்பியது கைமாறியதை அவரால் தாங்க இயலவில்லை; அந்த மனக்கசப்பு நீண்ட காலம் அவரை விடவில்லை. 1948இல் எயர் கொமடோர் பதவியோடு ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் அரசு 1,00,000 பவுண் வெகுமதியும் சேர் பட்டமும் அளித்தது. 5 பவுண் கேட்டபோது கைவிரித்த அதே அரசுதான் அது.

யுத்தத்துக்காக விரைவுபடுத்தப்பட்ட இயந்திரம் பின்னர் மக்களைச் சுமந்தது. 1952 மே 2இல் கொமெட் என்ற ஜெட் விமானம் முதல் பயணிகள் சேவையைத் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அது கொழும்புக்கும் வந்தது. இன்று டயகமவிலிருந்து புறப்படும் ஒரு மகள் சில மணி நேரத்தில் பாலைவன நாடுகளை அடைகிறாள் என்றால், அதன் பின்னால் அந்தக் கிரான்வெல் மாணவனின் கணக்கு இருக்கிறது.

விட்டில் 1976இல் அமெரிக்காவில் குடியேறினார். அங்கே வசித்த ஓஹைனோடு நட்புக் கொண்டார். தொடக்கத்தில், தம் கருத்தை ஜேர்மனியர் எடுத்துக்கொண்டனரோ என்ற ஐயம் அவருக்கு இருந்தது. பேசிப் பேசி அது தீர்ந்தது. எதிரி நாடுகளுக்காக உழைத்த இருவரும் ஒரே மேடையில் தோன்றினார்கள். பொறியியலின் உயரிய விருதுகளில் ஒன்றான டிரேப்பர் பரிசை 1991இல் பகிர்ந்துகொண்டார்கள். 1996 ஆகஸ்ட் 9இல் விட்டில் காலமானார். அவருடைய சாம்பல் கிரான்வெல் ஆலயத்தில் வைக்கப்பட்டுள்ளது.

இந்த வாழ்வை எண்ணும்போது, பெரிய மனிதர்களைவிடச் சிறிய உதவிகளே கண்முன் நிற்கின்றன. உணவுப் பட்டியல் எழுதிக் கொடுத்த பயிற்சி ஆசிரியர், உரிமை பதியத் துணை நின்ற விமானி, கடிதம் எழுதிய பழைய தோழர் ஆகியோரில் ஒருவர் முகம் திருப்பியிருந்தாலும் கதை வேறாகியிருக்கும். மேதையும் உழைப்பும் அவரிடம் இருந்தன. ஆனால் அவை மட்டும் போதவில்லை.

நம் லயங்களிலும் அத்தகைய பிள்ளைகள் இருக்கிறார்கள். பழுதான ரேடியோவைக் கழற்றிப் பூட்டும் பையன் இருக்கிறான். கணக்கில் ஆசிரியரையே திகைக்க வைக்கும் சிறுமி இருக்கிறாள். பஸ் காசு இல்லாமல், பரீட்சைக் கட்டணம் கட்ட வழியில்லாமல், படிப்பை விட்டுக் கொழும்புக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! பெற்றோரே, அந்தப் பிள்ளையின் கையிலிருக்கும் திருப்புளியைப் பிடுங்கி எறியாதீர்கள். சற்று வசதியுள்ளோரே, அண்டை வீட்டுப் பிள்ளையின் தவணை நாள் எப்போதென்று கேட்டு அறியுங்கள். அந்தச் சிறு தொகை நாளைக்குக் கிடைப்பதில் பயனில்லை. அது இன்று கிடைக்க வேண்டும்.