திராசிபூலஸ்

ஏதென்ஸ் நகரத்துத் தளபதி திராசிபூலஸின் வரலாற்றை மாணாக்கர்க்கு உரைக்கும்போதெல்லாம் ஓரிடத்தில் என் நா தயங்குவதுண்டு.

கி.மு. 404இல், போரில் தோற்ற அந்நகரின் ஆட்சியை ஸ்பாட்டாவின் துணைகொண்டு முப்பதின்மர் கைப்பற்றினர். ஏறத்தாழ எட்டு மாதங்களில் அவர்களாற் கொலையுண்டோர் 1,500 பேர் என்பர். தீபஸ் நகரில் அடைக்கலம் புகுந்திருந்த திராசிபூலஸ் எழுபதின்மரோடு புறப்பட்டுப் பைலே என்னும் மலையரணைக் கைக்கொண்டார். படை பெருகிற்று, பிரேயஸ் துறைமுகத்தை அடைந்து பொருதார். கொடுங்கோலர் தலைவன் கிரித்தியாஸ் அப்போரில் மடிந்தான்.

கி.மு. 403இல் இணக்கம் பிறந்தது. பழம்பகை பாராட்டோம் என ஊரார் சூளுரைத்தனர். முப்பதின்மரும் அவர்க்கு முதன்மையாய்ப் பணிபுரிந்த சிலருமே விலக்கு; அவருங்கூடத் தம் செயலுக்குக் கணக்கொப்புவித்தால் மன்னிப்புப் பெறலாம். தன் கையாற் கொன்றவன்மீது வழக்குண்டு; காட்டிக்கொடுத்துக் கொல்வித்தவன்மீதோ இல்லை. நான் தயங்கும் இடம் இதுவே. தந்தையை இழந்த மகன், காட்டிக்கொடுத்தவனைச் சந்தையிற் கண்டும் வாளா போதல் வேண்டும்! இதனை நீதியென்று நான் சொல்லேன். ஆயினும், வழக்குகள் தொடங்கியிருப்பின் வாள்களும் மீண்டும் எழுந்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

திராசிபூலஸும் பெருஞ்செல்வம் இழந்தவரே. அதற்குக் காரணரானோரை அறிந்திருந்தும், ஊரிலே செல்வாக்கு மிக்கிருந்தும், அவர் வழக்காடவில்லை. ஊரார் அவருக்கு ஒலிவக் கிளையாலான முடியொன்றைச் சூட்டினர்.

பல்லாண்டு கழித்து, ஆசியாவின் கரையிலுள்ள ஆஸ்பெண்டஸில், தம் வீரர் செய்த கொள்ளையாற் சினந்த அவ்வூரார் இரவிலே பாசறையுட் புகுந்து அவரைக் கொன்றனர்.